'டேக் பாத்' சரியா, 'டேக் எ பாத்' சரியா? குற்றால சீசனில் பலரும் தப்பாக எழுதும் ஆங்கிலத் தொடர்: எளிய விளக்கம்

தென்காசி பக்கம் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் போதும், செல்போன்களிலும் குற்றாலம் கொட்ட ஆரம்பித்துவிடும். பேரருவியில் நின்று எடுத்த படம், ஐந்தருவி வீடியோ, பழைய குற்றாலம் ரீல்ஸ் என வரிசையாக வரும். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். அதில் பெரும்பாலும் இடம்பெறுவது 'டேக் பாத்' அல்லது 'டுக் பாத்' என்ற தொடர்தான்.

படம் போடுபவர்கள் மட்டுமல்ல. பள்ளியில் 'குற்றாலச் சுற்றுலா' பற்றி கட்டுரை எழுதும் மாணவர், வெளிமாநில வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பும் லாட்ஜ் ஊழியர், அருவிக்கரையில் வைக்க அறிவிப்பு எழுதுபவர் என எல்லோருக்கும் இந்தத் தொடர் தேவைப்படுகிறது. பேசும்போது பிரச்னை இல்லை, யாருக்கும் புரிந்துவிடும். எழுதும்போது எது சரி? 'டேக் பாத்' என்றா, 'டேக் எ பாத்' என்றா, 'ஹேவ் எ பாத்' என்றா, இல்லை 'பேத்' என்ற ஒரே சொல்லா?

சுருக்கமான பதில் என்ன?

'டேக் பாத்' என்று நடுவில் எதுவும் இல்லாமல் எழுதுவது தவறு. 'டேக் எ பாத்' சரி. 'ஹேவ் எ பாத்' என்பதும் சரி. ஆனால் இரண்டும் முக்கியமாக வீட்டுக் குளியலறைக்குப் பொருந்துபவை. அருவி, ஆறு, கடல் என்று வந்துவிட்டால் 'பேத்' என்ற ஒரே வினைச்சொல்தான் நேரான வழி. 'ஐ டுக் பாத் இன் தி ஃபால்ஸ்' என்பதற்குப் பதிலாக 'ஐ பேத்ட் இன் தி ஃபால்ஸ்' என்று எழுதினால் வேலை முடிந்தது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் இதை மறக்கவே மாட்டோம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு எழுத்தில் மாறும் சொல்

ஆங்கிலத்தில் பி, ஏ, டி, ஹெச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்தால் 'பாத்'. இது பெயர்ச்சொல். 'குளியல்' என்று பொருள். பிரிட்டனில் குளிக்கும் தொட்டியையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள்.

அதே நான்கு எழுத்துகளோடு கடைசியில் ஒரு 'இ' சேர்த்தால் 'பேத்'. இது வினைச்சொல். 'குளி' என்று பொருள்.

உச்சரிப்பும் மாறும். 'பாத்' என்பதில் கடைசி ஒலி அழுத்தமாக, காற்று மட்டும் வெளியேறுவது போல வரும். 'பேத்' என்பதில் அந்த ஒலி மென்மையாகிவிடும். நாம் 'அது' என்று சொல்லும்போது 'து' எப்படி வருகிறதோ, கிட்டத்தட்ட அப்படி.

இது இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. 'பிரெத்' என்றால் மூச்சு. கடைசியில் 'இ' சேர்ந்தால் 'பிரீத்', அதாவது மூச்சு விடு. 'கிளாத்' என்றால் துணி. 'இ' சேர்ந்தால் 'குளோத்', அதாவது உடுத்து. 'டீத்' என்றால் பற்கள். அதோடு 'இ' சேர்ந்தால் குழந்தைக்குப் பல் முளைப்பதைக் குறிக்கும் வினைச்சொல். மூச்சு, துணி, பல், குளியல் என நான்கையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 'இ' இருந்தால் செயல், இல்லாவிட்டால் பெயர்.

அதனால்தான் 'ஐ வான்ட் டு பாத் இன் தி ஃபால்ஸ்' என்று எழுதுவது தவறாகிறது. அங்கே தேவை வினைச்சொல். 'ஐ வான்ட் டு பேத் இன் தி ஃபால்ஸ்' என்பதே சரி.

'எ' எதற்கு? விட்டுவிட்டால் என்ன?

'எ' என்பது 'ஒரு' என்ற பொருளில் வரும் குட்டிச் சொல். தமிழில் 'ஒரு குளியல் போட்டேன்' என்றும் சொல்லலாம், 'குளியல் போட்டேன்' என்றும் சொல்லலாம். 'ஒரு' இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் நிற்காது. எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு பொருளோ நிகழ்வோ ஒருமையில் வந்தால், அதற்கு முன்னால் 'எ', 'தி', 'மை' போன்ற ஏதாவது ஒரு சொல் துணைக்கு வந்தாக வேண்டும்.

குளியல் எண்ணக்கூடியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. குற்றாலம் வந்தவர்கள் ஒரே நாளில் பேரருவியில் ஒன்று, ஐந்தருவியில் ஒன்று, புலியருவியில் ஒன்று என்று மூன்று கூடப் போடுவார்கள். அதனால் 'டேக் எ பாத்'.

இதே கணக்கில் வருபவை: 'டேக் எ வாக்', 'டேக் எ நேப்', 'டேக் எ பிரேக்', 'டேக் எ லுக்', 'டேக் எ சீட்', 'டேக் எ ஃபோட்டோ'. எல்லாவற்றிலும் 'எ' உண்டு.

அப்படியானால் 'டேக் கேர்' என்பதில் ஏன் 'எ' இல்லை? கவனம் என்பதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. 'டேக் பார்ட்', 'டேக் பிளேஸ்', 'டேக் சார்ஜ்' ஆகியவையும் 'எ' இல்லாமலே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட தொடர்கள். இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள்தான் 'டேக் பாத்' என்பதும் அதே வகை என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு வகை.

'டேக்' ஆ, 'ஹேவ்' ஆ?

இது சரி, தவறு என்ற பிரச்னை இல்லை. ஊருக்கு ஊர் உள்ள வழக்கு. அமெரிக்காவில் பொதுவாக 'டேக் எ பாத்', 'டேக் எ ஷவர்' என்பார்கள். பிரிட்டனில் 'ஹேவ் எ பாத்', 'ஹேவ் எ ஷவர்' என்பது அதிகம். இரண்டு நாட்டிலும் இரண்டும் புரியும். எதை எழுதினாலும் மதிப்பெண் குறையாது. 'எ' விட்டுப்போனால்தான் குறையும்.

ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் 'டேக்', இன்னோரிடத்தில் 'ஹேவ்' என்று மாற்றி மாற்றி எழுதாமல், ஒன்றையே கடைசி வரை வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் ஒரே சொல்தானே? 'டேக்' எங்கிருந்து வந்தது?

தமிழில் 'குளி' என்பது ஒரே சொல். 'குளிச்சாச்சா?' என்று கேட்டால் 'குளிச்சாச்சு' என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். இங்கே 'எடு' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அப்படியிருக்க, ஆங்கிலத்துக்குப் போனதும் 'டேக்' எப்படி ஒட்டிக்கொள்கிறது?

ஒரு காரணம், ஆங்கிலத்திலேயே 'டேக் எ பாத்' என்ற தொடர் இருப்பது. அதைக் காதால் கேட்டுப் பழகும்போது நடுவில் வரும் குட்டி 'எ' காதில் விழுவதில்லை. இன்னொரு காரணம், ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு 'எடு' சேர்த்துப் பேசும் நம் பழக்கம். 'ரெஸ்ட் எடு', 'லீவு எடு', 'டிக்கெட் எடு', 'கிளாஸ் எடு', 'போட்டோ எடு' என்று எத்தனையோ இருக்கின்றன. 'எடு' என்றால் 'டேக்' என்ற கணக்கில் இவை அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன.

இதில் சில மட்டுமே ஆங்கிலத்தில் பொருந்தும். 'போட்டோ எடு' என்பது 'டேக் எ ஃபோட்டோ'. அது சரி. ஆனால் 'டேக் ரெஸ்ட்' என்பதை விட 'ரெஸ்ட்' என்ற ஒரு சொல்லோ, 'கெட் சம் ரெஸ்ட்' என்பதோ இயல்பு. 'டிக்கெட் எடுத்தாச்சா?' என்பதற்கு 'டேக்' தேவையில்லை, 'பை' அல்லது 'கெட்' போதும். 'சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா?' என்ற மரியாதையான கேள்விக்கு ஆங்கிலத்தில் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதே நேர். 'கிளாஸ் எடுக்கிறார்' என்பது கொஞ்சம் சிக்கலானது. பிரிட்டனில் 'டேக் எ கிளாஸ்' என்றால் ஆசிரியர் பாடம் நடத்துவதையும் குறிக்கும். அமெரிக்காவில் அதே தொடர் மாணவர் வகுப்பில் சேர்ந்து படிப்பதைக் குறிக்கும். அதனால் 'டீச்' என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

கவனித்தால் ஒன்று புரியும். 'ரெஸ்ட்', 'ஈட்', 'டீச்', 'பேத்' என எல்லாமே ஒற்றைச் சொற்கள். தமிழ் வினைச்சொல் எப்படி ஒரே சொல்லாக நிற்கிறதோ அப்படியே நிற்பவை. 'குளி' என்று தமிழில் யோசித்து 'பேத்' என்று எழுதினால், நடுவில் 'எ' வேண்டுமா என்ற கேள்வியே வராது.

அருவிக்கு எந்தச் சொல் பொருந்தும்?

குளிப்பது என்றால் நமக்கு எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது, உடம்பு எப்படி நனைகிறது என்பதைப் பொறுத்து சொல் மாறும்.

'பாத்': தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் உட்கார்ந்து குளிப்பது. வெளிநாட்டினர் 'டேக் எ பாத்' என்று படித்தால் முதலில் மனதில் வருவது இந்தத் தொட்டிதான்.

'ஷவர்': மேலிருந்து கொட்டும் குழாய்க்குக் கீழே நின்று குளிப்பது. அருவிக் குளியல் இதைப் போலத்தான் இருக்கிறது என்றாலும், அருவிக்கு 'ஷவர்' என்று எழுதினால் லாட்ஜ் குளியலறை என்றே படிப்பவர் நினைப்பார்.

'டிப்': தண்ணீருக்குள் முங்கி எழுவது. 'டேக் எ டிப்' என்பதில் 'எ' கட்டாயம். புண்ணிய நீராடலை ஆங்கில நாளிதழ்கள் 'ஹோலி டிப்' என்று எழுதுவது இதனால்தான். பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்கி எழுந்தால் 'டிப்' பொருந்தும். ஆடி அமாவாசையன்று குற்றாலம் பேரருவியில் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் உண்டு. அங்கே தலையில் தண்ணீர் கொட்டுகிறது, யாரும் முங்குவதில்லை. அதனால் 'பேத்' என்பதே பொருத்தம்.

'ஸ்விம்': நீந்துவது. அருவியில் நீந்த முடியாது. ஆனால் இங்கே ஒரு சின்ன நுட்பம் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கடலிலோ ஆற்றிலோ நீந்துவதையும் விளையாடுவதையும் 'பேத்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. நீச்சல் உடைக்கு 'பேத்திங் சூட்' என்று பெயர் வந்ததும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த 'பேத்திங் வாட்டர்' விதி, மக்கள் இறங்கி நீந்தும் கடற்கரை, ஏரி, ஆறு ஆகியவற்றின் நீர்த் தரத்தைப் பற்றியதே. சோப்பு போட்டுக் குளிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எனவே அருவிக்கு எழுத வேண்டியது 'பேத் இன் தி ஃபால்ஸ்' அல்லது 'பேத் அண்டர் தி ஃபால்ஸ்'.

அறிவிப்புப் பலகையில் எழுதும்போது...

கட்டுரையில் ஒரு 'எ' விட்டுப்போனால் அரை மதிப்பெண் போகும். அருவிக்கரை அறிவிப்பில் அப்படி இல்லை.

குற்றாலத்துக்கு வருபவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் கேரளா. அங்கிருந்து சீசனில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வடமாநிலத்தவர்களும் வருகிறார்கள். இவர்களுக்கெல்லாம் பொதுவான எச்சரிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதுகூட அருவியில் வெள்ளம் வரலாம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். 17 வயது சிறுவன் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சீசன் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே நடந்த சம்பவம் அது. இப்படிப்பட்ட இடத்தில் எழுதும் வரி, படித்த நொடியில் புரிய வேண்டும்.

'குளிக்கத் தடை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பேத்திங் ப்ரொஹிபிட்டட்' அல்லது 'நோ பேத்திங்' என்று எழுதலாம். இரண்டே சொற்கள், தூரத்திலிருந்தும் படிக்கலாம். 'டு நாட் பேத் ஹியர்' என்றும் எழுதலாம். 'பாத் ப்ரொஹிபிட்டட்', 'நாட் அலௌட் டு பாத்', 'டோன்ட் டேக் பாத்' ஆகியவை தவறு. இவையும் ஒருவாறு புரியும்தான். ஆனால் அறிவிப்பில் பிழை இருந்தால், படிப்பவர் அதைப் படமெடுத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். சொல்ல வந்த எச்சரிக்கை பின்னால் போய்விடுகிறது.

இன்னொரு விஷயம். 'பேத்திங் ப்ரொஹிபிட்டட்' என்பது குளிப்பதை மட்டும்தான் தடுக்கிறது. 'குளிக்க மாட்டேன், ஓரமாக நின்று செல்ஃபி எடுக்கிறேன்' என்று ஒருவர் அருகில் போனால் அந்தப் பலகை அவரைத் தடுக்காது. வெள்ள அபாயம் என்றால் 'கீப் அவே ஃப்ரம் தி ஃபால்ஸ்' என்ற வரியையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, இலை தழை, கட்டை அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேற வேண்டும். அதற்கு 'கெட் அவுட் ஆஃப் தி வாட்டர் அட் ஒன்ஸ்' என்று நேரடியாகக் கட்டளையாக எழுதுவதே சரி. இங்கே மரியாதைச் சொற்களைச் சேர்த்து வரியை நீட்டத் தேவையில்லை.

செய்தித் தலைப்பு எழுதும்போது வரும் தவறு

குற்றாலம் பற்றிய ஆங்கிலத் தலைப்புகளில் தடையும் குளியலும் சேர்ந்தே வரும். அங்கே இணைப்புச் சொல் முக்கியம்.

'டூரிஸ்ட்ஸ் பேன்ட் டு டேக் பாத்' என்பது தவறு. 'டூரிஸ்ட்ஸ் பேன்ட் ஃப்ரம் பேத்திங்' என்பது சரி. தடை என்றால் 'ஃப்ரம்' வரும், அதன் பிறகு 'பேத்திங்' வரும்.

'குளிக்க அனுமதி' என்றால் கதை மாறும். 'அலௌட் டு பேத்' அல்லது 'பெர்மிட்டட் டு பேத்'. அனுமதி என்றால் 'டு' வரும், அதன் பிறகு 'பேத்'.

'தடை நீக்கம்' என்றால் 'பேன் ஆன் பேத்திங் லிஃப்டட்'. பெயர்ச்சொல்லாக 'தடை' வந்தால் 'ஆன்'.

தடைக்கு 'ஃப்ரம்', அனுமதிக்கு 'டு', தடை பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஆன்'. இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால் சீசன் முழுக்கக் கவலையில்லை.

தலைக்குக் குளிப்பது, எண்ணெய்க் குளியல்... இதற்கெல்லாம் என்ன?

தமிழில் 'மேலுக்குக் குளிப்பது' வேறு, 'தலைக்குக் குளிப்பது' வேறு. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினையைக் காட்ட ஒரு தனிச் சொல் கிடையாது. 'ஹெட் பாத்' என்பது இந்தியாவில் உருவான தொடர். இந்தியர்களுக்குப் புரியும், வெளிநாட்டவர் விழிப்பார். 'தலைக்குக் குளித்தேன்' என்பதற்கு 'ஐ வாஷ்ட் மை ஹேர்' என்று எழுத வேண்டும்.

தீபாவளி, சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். 'ஆயில் பாத்' என்பதும் இந்திய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட தொடர்தான். ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் 'ஆயில் பாத்' என்றால் சூடான எண்ணெய்ப் பாத்திரம். அதில் குடுவையை வைத்துச் சூடாக்குவார்கள். அதனால் வெளியூர்க்காரருக்கு எழுதும்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிப்பது என்பதை விளக்கி எழுதுவது நல்லது. குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. அதை விளக்கி எழுதும்போதும் இந்த வித்தியாசம் உதவும்.

குழந்தையைக் குளிப்பாட்டினால்?

'குளி' வேறு, 'குளிப்பாட்டு' வேறு. ஆங்கிலத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு அமெரிக்காவில் 'பேத் தி பேபி' என்பார்கள். பிரிட்டனில் 'பாத் தி பேபி' என்பார்கள். ஆம், இங்கே பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'பாத்' வினைச்சொல்லாகிவிடும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் 'கிவ் தி பேபி எ பாத்' என்று எழுதலாம். இரண்டு நாட்டிலும் சரி. கோயில் யானையைக் குளிப்பாட்டினாலும் இதே தொடர் பொருந்தும்.

காயத்தைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுவதற்கும் ஆங்கிலத்தில் 'பேத்' என்பார்கள். முதலுதவிக் குறிப்பில் 'பேத் தி வூண்ட்' என்று பார்த்தால் காயத்தைக் குளிப்பாட்டச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கழுவச் சொல்கிறார்கள்.

நஷ்டம் என்றும் ஒரு பொருள் உண்டு!

அமெரிக்க ஆங்கிலத்தில் 'டேக் எ பாத்' என்பதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. வியாபாரத்திலோ பங்குச்சந்தையிலோ பெரிய நஷ்டம் அடைவது. ஒரு முதலீட்டாளர் 'டுக் எ பாத்' என்று வணிகச் செய்தியில் படித்தால், அவர் குளித்தார் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. கையைச் சுட்டுக்கொண்டார் என்று பொருள்.

தமிழுக்கு இது புதிதல்ல. 'அவனை எப்பவோ தலைமுழுகிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், யாரையும் தண்ணீரில் முக்கவில்லை, உறவை விட்டுவிட்டார் என்று நமக்குப் புரிகிறது. தூத்துக்குடிக் கடலில் 'முத்துக் குளித்தல்' என்றால் மூழ்கி முத்து எடுப்பது. குளிக்கும் சொல்லுக்கு வேறு பொருள் வருவது எல்லா மொழியிலும் உண்டு.

பேசும்போதும் திருத்த வேண்டுமா?

தேவையில்லை என்பதே பெரும்பாலும் பதில். 'டேக் பாத்' என்பது இந்தியா முழுக்கப் பேச்சில் புழங்குகிறது. ஐந்தருவி பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் 'சார், டேக் பாத், ஐ வெயிட்' என்று சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அவர் பேசியது அந்த இடத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்பவர்தான் மொழி தெரியாதவர்.

எழுத்து வேறு. பேச்சில் முகம், கை, சூழல் எல்லாம் துணைக்கு வரும். எழுத்தில் சொல் மட்டும்தான் நிற்கும். தேர்வு, வேலை விண்ணப்பம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான மின்னஞ்சல், பொது அறிவிப்பு ஆகிய இடங்களில் பொது ஆங்கிலத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

ஒரே பார்வையில்: எப்படி எழுதலாம்?

'குற்றாலத்தில் குளித்தோம்'
தவறு: வி டுக் பாத் இன் குற்றாலம்.
சரி: வி பேத்ட் இன் தி ஃபால்ஸ் அட் குற்றாலம்.

'இன்னும் குளிக்கவில்லை' (வீட்டில்)
தவறு: ஐ ஹேவ் நாட் டேக்கன் பாத் யெட்.
சரி: ஐ ஹேவ் நாட் ஹேட் எ பாத் யெட்.

'குளிச்சிட்டு வர்றேன்'
தவறு: ஐ வில் டேக் பாத் அண்ட் கம்.
சரி: ஐ வில் ஹேவ் எ குவிக் ஷவர் அண்ட் பி தேர் சூன்.

'அவர் குளிச்சிட்டு இருக்கார்' (போனில் சொல்லும்போது)
தவறு: ஹி இஸ் டேக்கிங் பாத்.
சரி: ஹி இஸ் இன் தி ஷவர்.

'இன்று அருவியில் குளிக்கலாமா?'
தவறு: கேன் வி டேக் பாத் இன் ஃபால்ஸ் டுடே?
சரி: கேன் வி பேத் இன் தி ஃபால்ஸ் டுடே?

'குளிக்கத் தடை'
தவறு: பாத் நாட் அலௌட்.
சரி: நோ பேத்திங்.

நினைவில் வைக்க மூன்றே வரி

'பாத்' பெயர்ச்சொல். அதற்கு முன் 'டேக் எ' அல்லது 'ஹேவ் எ' வர வேண்டும்.

'பேத்' வினைச்சொல். அதற்கு முன் 'டேக்' தேவையில்லை.

அருவி, ஆறு, கடல், அறிவிப்புப் பலகை என்றால் 'பேத்', 'பேத்திங்'. வீடு, லாட்ஜ் என்றால் 'ஹேவ் எ பாத்', 'ஹேவ் எ ஷவர்'.

அடுத்த முறை குற்றாலம் படத்தைப் பகிரும்போது அந்த ஒரு 'இ' எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். அருவிக்குப் போகும் முன், இன்று குளிக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 'நோ பேத்திங்' என்று பலகை இருந்தால், ஆங்கிலம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.